அச்சேறும் முன்னே கைக்கு வரும் ஆய்வு: முன்னச்சுக் கட்டுரைகளைப் படிப்பது எப்படி?

சிகிச்சையில் இருப்போரின் குடும்பத்தினர் இன்று மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் படிக்கின்றனர். உறவினர் ஒருவர் கைப்பேசியில் அனுப்பிவைத்த கட்டுரையைக் காட்டி, "இந்த மருந்தை எங்கள் அப்பாவுக்கும் கொடுக்கலாமா, டாக்டர்?" என்று கேட்பது மருத்துவமனைகளில் இயல்பான காட்சியாகிவிட்டது. கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் பரவலான பழக்கம் இது. கேட்பதில் தவறேதும் இல்லை. நோயைப் பற்றி அறிந்துகொள்ள முயலும் குடும்பம், மருத்துவருக்கு நல்ல துணை. ஆயினும் அவ்வாறு வந்துசேரும் கட்டுரைகளுள் பல, 'முன்னச்சு' என்னும் வகையைச் சேர்ந்தவை. ஆங்கிலத்தில் இவற்றைப் 'பிரீபிரிண்ட்' என்பர்.

முன்னச்சு என்பது யாது, பெருந்தொற்றின்போது அது நமக்கு அளித்த நன்மை எது, விளைவித்த குழப்பம் எது, அத்தகைய கட்டுரை ஒன்று கைக்கு வந்தால் அதை எவ்வாறு படிக்க வேண்டும் என்பவற்றை இங்கே விளக்க விரும்புகிறோம்.

ஓர் ஆய்வு அச்சேறும் வழி

மருத்துவ ஆய்வொன்று முடிந்ததும், ஆய்வாளர்கள் அதனைக் கட்டுரையாக எழுதி ஓர் ஆய்விதழுக்கு அனுப்புகின்றனர். இதழின் ஆசிரியர் அதனை அதே துறையில் தேர்ந்த வேறு சிலரிடம் ஒப்படைக்கிறார். அவர்கள் கணக்குகளைச் சரிபார்த்து, ஐயங்களை எழுப்பி, திருத்தம் கோருகின்றனர். சில நேரங்களில் கட்டுரையை ஏற்க வேண்டாம் என்றும் பரிந்துரைக்கின்றனர். இதுவே சக ஆய்வாளர் மதிப்பாய்வு. இதற்குப் பல வாரங்கள் ஆகலாம். பல மாதங்களும் ஆகலாம்.

இந்த மதிப்பாய்வு முடியும் முன்பே, ஆய்வாளர்கள் தம் கட்டுரையை எல்லோரும் காணும்படி இணையத்தில் வெளியிடுவதே முன்னச்சு. இயற்பியல் துறையினர் 1991ஆம் ஆண்டிலிருந்தே 'ஆர்க்கைவ்' என்னும் களஞ்சியத்தின் வழியாக இவ்வாறு பகிர்ந்து வருகின்றனர். உயிரியலுக்கென 'பயோஆர்க்கைவ்' 2013இலும், மருத்துவத்துக்கென 'மெட்ஆர்க்கைவ்' 2019 ஜூனிலும் தொடங்கப்பட்டன. மருத்துவத்துறை இவ்வளவு தாமதமாக இதில் இறங்கியதற்குக் காரணம் உண்டு. விண்மீனைப் பற்றிய தவறான கட்டுரை யாருடைய உடலையும் வருத்தாது. மருந்தைப் பற்றிய தவறான கட்டுரை வருத்தக்கூடும்.

முன்னச்சுக் களஞ்சியங்களிலும் ஒரு தொடக்கச் சோதனை உண்டு. கட்டுரை வேறெங்கிருந்தோ படியெடுக்கப்பட்டதா, அறிவியல் வரம்புக்குள் உள்ளதா, பொதுமக்களின் நலத்துக்குக் கேடு விளைவிக்குமா என்பவற்றை அங்குள்ளோர் பார்க்கின்றனர். கட்டுரையின் முடிவு சரியானதா என்பதை அவர்கள் தீர்மானிப்பதில்லை. இந்த வேறுபாட்டை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

விரைவு உயிர் காத்த நேரம்

மெட்ஆர்க்கைவ் தொடங்கிய ஆண்டின் இறுதியிலேயே புதிய கொரோனா வைரஸ் தலைகாட்டியது. மாதக்கணக்கில் காத்திருக்க எவராலும் இயலவில்லை. 2020 மே மாதத்தில் கோயம்பேடு சந்தை மூடப்பட்டு, காய்கறி வணிகம் பூந்தமல்லியைக் கடந்து திருமழிசைக்கு மாற்றப்பட்டதை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நாள்களில் மருத்துவர்கள் கையில், பயன் உறுதி செய்யப்பட்ட மருந்து ஒன்றும் இல்லை.

அவ்வேளையில் பிரிட்டனில் 'ரெக்கவரி' என்னும் பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. டெக்சாமெத்தசோன் என்னும் பழைய, விலை குறைந்த ஸ்டீராய்டு மருந்து பயன் தருகிறது என 2020 ஜூன் 16 அன்று ஆய்வாளர்கள் அறிவித்தனர். ஜூன் 22 அன்று முழு விவரங்களும் முன்னச்சாக வெளிவந்தன. செயற்கை சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளிடையே இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆக்சிஜன் மட்டும் பெற்றவர்களிடையே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஜூன் 27 அன்றே இந்திய சுகாதார அமைச்சகம் தன் சிகிச்சை நெறிமுறையில் இம்மருந்தைச் சேர்த்தது. அதே ஆய்வு மதிப்பாய்வு முடிந்து நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியானது ஜூலை 17 அன்றுதான். இடைப்பட்ட இருபது நாள்களில் நம் நாட்டின் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் எத்தனை பேர் இருந்தனர் என்பதை எண்ணினால், முன்னச்சின் பயன் விளங்கும்.

ஆனால் அதே முன்னச்சில் மற்றொரு செய்தியும் இருந்தது. ஆக்சிஜன் தேவைப்படாத நோயாளிகளுக்கு இம்மருந்தால் பயன் காணப்படவில்லை. தீங்கு நேரவும் கூடும் என்று அந்த எண்கள் காட்டின. தலைப்புச் செய்தியைப் படித்தவர்களுள் பலர் இந்த வரியைப் படிக்கவில்லை. 2021இன் இரண்டாம் அலையில், லேசான காய்ச்சலோடு வீட்டில் இருந்தவர்களும் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொண்டனர். கருப்புப் பூஞ்சை நோய் பரவியபோது, கட்டுப்பாடற்ற சர்க்கரை நோயும் ஸ்டீராய்டின் தவறான பயன்பாடும் முதன்மைக் காரணங்கள் என வல்லுநர்கள் எச்சரித்தனர். ஆய்வில் பிழையில்லை; பாதியைப் படித்ததால் வந்த விளைவு அது.

தமிழ்நாட்டின் தரவுகளும் இவ்வழியே உலகைச் சென்றடைந்தன. தமிழ்நாட்டிலும் ஆந்திரத்திலும் சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாகத் தொடர்பறிந்து திரட்டிய விவரங்களைக் கொண்ட ஆய்வு, 2020 ஜூலையில் முன்னச்சாக வந்து, செப்டம்பர் 30 அன்று 'சயின்ஸ்' இதழில் வெளியானது. 84,965 நோயாளிகளோடு தொடர்பில் இருந்த 5,75,071 பேரின் விவரங்கள் அதில் அடங்கியிருந்தன. தொற்றியவர்களுள் பெரும்பாலோர் பிறருக்குப் பரப்பவில்லை, சிலரே பலருக்குப் பரப்பினர் என்பதை அது காட்டியது. தெருத்தெருவாக நடந்த செவிலியர்களின் உழைப்பு அந்த எண்களுக்குப் பின்னால் உள்ளது.

இரண்டே நாளில் திரும்பிய கட்டுரை

விரைவின் மறுபக்கத்தையும் நாம் தொடக்கத்திலேயே கண்டோம். 2020 ஜனவரி 31 அன்று டெல்லி ஆய்வாளர்கள் சிலர் பயோஆர்க்கைவில் ஒரு முன்னச்சை வெளியிட்டனர். புதிய வைரஸின் புரதத்தில் எச்.ஐ.வி. வைரஸின் துணுக்குகளை ஒத்த பகுதிகள் உள்ளன என்றும், இவ்வொற்றுமை தற்செயலாக அமைந்திருக்க வாய்ப்பில்லை என்றும் அக்கட்டுரை கூறியது. வைரஸ் செயற்கையாக உருவாக்கப்பட்டது என்னும் வதந்திக்கு அது உடனே தீனியானது.

பிற நாட்டு அறிவியலாளர்கள் சில மணி நேரத்திலேயே பிழையைச் சுட்டிக்காட்டினர். ஒப்பிடப்பட்ட துணுக்குகள் மிகச் சிறியவை. எச்.ஐ.வி.யோடு தொடர்பே இல்லாத எத்தனையோ உயிரிகளிலும் அவற்றைக் காண இயலும். பிப்ரவரி 2 அன்று ஆய்வாளர்களே கட்டுரையைத் திரும்பப் பெற்றனர். அதன்பின், கொரோனா தொடர்பான முன்னச்சுகளின் மேல் மதிப்பாய்வு செய்யப்படாதவை என்ற எச்சரிக்கைப் பட்டையைக் களஞ்சியம் பொருத்தியது.

இதில் இரண்டு உண்மைகள் உள்ளன. வெளிப்படையாக வைக்கப்பட்டதால்தான் பிழை இரண்டே நாளில் பிடிபட்டது. ஆனால் கட்டுரை திரும்பப் பெறப்பட்ட செய்தி, வதந்தி சென்ற இடங்களுக்கெல்லாம் சென்று சேரவில்லை. கைப்பேசிக்கு வந்த படத்தில் அந்த எச்சரிக்கைப் பட்டை இருப்பதில்லை.

பிளாஸ்மா: நல்ல முன்னச்சு சொன்ன கசப்பான செய்தி

குடும்பத்தினரை மிகுதியாக அலையவைத்தது பிளாஸ்மா சிகிச்சையே. நோயிலிருந்து மீண்டவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உள்ளன, அவரது பிளாஸ்மாவை நோயுற்றவருக்குச் செலுத்தினால் அவையும் உதவுமன்றோ என்னும் எண்ணம் நூறாண்டுப் பழைமையுடையது, கேட்பதற்கும் ஏற்புடையது. 2020 ஜூன் மாதத்தில் மத்திய அரசின் நெறிமுறை, ஆய்வு நிலையில் உள்ள சிகிச்சை என்ற குறிப்போடு அதற்கு இடமளித்தது. ஜூலையில் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் பிளாஸ்மா வங்கி திறக்கப்பட்டது.

இதன் பயனை அளக்க, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 'பிளாசிட்' என்ற ஆய்வை நடத்தியது. கட்டுரையை எழுதியவர்களுள் ஒருவர், இங்கிருந்து தொலைவில் இல்லாத அம்பத்தூர் அயப்பாக்கத்தில் இயங்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனமும் இணைந்து 1999இல் உருவான நிறுவனம் அது.

நாடெங்கும் 39 மருத்துவமனைகளில், 2020 ஏப்ரல் 22 முதல் ஜூலை 14 வரை, மிதமான பாதிப்புள்ள 464 நோயாளிகள் இந்த ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் அவர்கள் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 235 பேருக்கு வழக்கமான சிகிச்சையோடு பிளாஸ்மாவும் இரு முறை செலுத்தப்பட்டது. 229 பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. 28 நாள்களுக்குள் நோய் கடுமையானவர்கள் அல்லது இறந்தவர்கள், பிளாஸ்மா பெற்ற குழுவில் 44 பேர். பெறாத குழுவில் 41 பேர். அதாவது நூற்றுக்கு 19, நூற்றுக்கு 18. பயன் இல்லை என்பதே இதன் பொருள்.

இம்முடிவு 2020 செப்டம்பர் தொடக்கத்தில் முன்னச்சாக வெளிவந்தது. அக்டோபர் 22 அன்று பி.எம்.ஜே. எனப்படும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மதிப்பாய்வு முடிந்து அச்சேறியது. முடிவு மாறவில்லை. நவம்பரில் ஆராய்ச்சிக் கழகம், பிளாஸ்மாவைக் கண்டபடி பயன்படுத்த வேண்டாம் என அறிவுரை வெளியிட்டது.

எனினும் 2021 ஏப்ரல், மே மாதங்களில், படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் அலைந்த அதே குடும்பங்கள், "ஓ பாசிட்டிவ் பிளாஸ்மா உடனே தேவை" என்று இரவெல்லாம் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தன. மருத்துவமனைகள் பலவும் பிளாஸ்மாவைக் கேட்டன. மறுத்துச் சொல்லும் மருத்துவரைக் குடும்பத்தினர் ஐயத்தோடு பார்த்தனர். நோயாளியின் அருகில் இருந்திருக்க வேண்டிய மகனும் மகளும் இரத்த வங்கிகளின் வாசலில் நின்றனர்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? பிளாசிட் ஆய்வின் மீது நேர்மையான ஐயங்களும் இருந்தன. ஆய்வு தொடங்கியபோது எதிர்ப்பொருளின் அளவை முன்கூட்டியே அளக்க நம்பகமான சோதனை கிட்டவில்லை. ஆதலால் எல்லாருக்கும் வலுவான பிளாஸ்மா கிடைத்திருக்கவில்லை. 464 பேர் போதுமா என்றும் சிலர் கேட்டனர். இவற்றுக்கு விடையாக, ரெக்கவரி ஆய்வு 11,558 நோயாளிகளிடம், எதிர்ப்பொருள் மிகுந்த பிளாஸ்மாவைச் சோதித்தது. 28 நாள்களில் இறந்தோர் இரு குழுக்களிலும் நூற்றுக்கு 24. 2021 மார்ச்சில் முன்னச்சாக வந்த இவ்விவரம் மே 14 அன்று 'லான்செட்' இதழில் வெளியானது. இந்திய மருத்துவர்களும் அறிவியலாளர்களும் அரசுக்குக் கடிதம் எழுதினர். மே 17 அன்று, முதிர்ந்தவர்களுக்கான தேசிய நெறிமுறையிலிருந்து பிளாஸ்மா நீக்கப்பட்டது. நம் நாட்டு முன்னச்சு வெளிவந்து அப்போது எட்டு மாதங்கள் கடந்திருந்தன.

நம்பிக்கை தரும் முன்னச்சை நாம் உடனே நம்புகிறோம். நம்பிக்கையைக் குறைக்கும் முன்னச்சைக் கண்டும் காணாமல் விடுகிறோம். மதிப்பாய்வு நடந்ததா இல்லையா என்பது மட்டும் இதில் அளவுகோலாக இருக்கவில்லை. எனவேதான், ஒரு முன்னச்சு என்ன சொல்கிறது என்பதற்கு முன்பாக, அது எவ்வாறு ஒப்பிட்டது என்பதைக் கேட்குமாறு வேண்டுகிறோம்.

அச்சேறியவை எல்லாம் உறுதியா?

மதிப்பாய்வும் பிழையற்ற அரண் அன்று. 2020 மே 22 அன்று லான்செட் இதழில், 96,000 நோயாளிகளின் தரவு எனக் கூறிக்கொண்டு, ஹைட்ராக்சிகுளோரோகுயின் மருந்து இறப்பைக் கூட்டுகிறது என்ற கட்டுரை வெளியானது. உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அம்மருந்தின் பகுதியை நிறுத்திவைத்தது. தரவை அளித்த 'சர்ஜிஸ்பியர்' நிறுவனம் அதனைச் சரிபார்க்க இடமளிக்கவில்லை. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது.

ஐவர்மெக்டின் கதை வேறு வகையானது. அம்மருந்து கொரோனா இறப்பைப் பெருமளவு குறைக்கிறது என எகிப்திலிருந்து 2020 நவம்பரில் ஒரு முன்னச்சு வந்தது. பல ஆய்வுகளைத் தொகுத்து முடிவு சொன்னவர்கள் அதனையும் கணக்கில் சேர்த்தனர். லண்டன் மாணவர் ஒருவர் அதன் தரவை ஆராய்ந்து முரண்பாடுகளை வெளிக்கொணர்ந்தார். 2021 ஜூலையில் அது நீக்கப்பட்டது. நம் நாட்டு நெறிமுறையில் இடம்பெற்றிருந்த ஐவர்மெக்டினும் அவ்வாண்டு செப்டம்பரில் நீக்கப்பட்டது.

கட்டுரை கைக்கு வந்தால் கேட்க வேண்டிய ஆறு கேள்விகள்

1. இது எந்த நிலையில் உள்ளது? முன்னச்சின் முகப்பில் மதிப்பாய்வு செய்யப்படவில்லை என்ற குறிப்பு இருக்கும். அதன் மூலப்பக்கத்துக்குச் சென்றால், திருத்திய பதிப்பு வந்துள்ளதா, இதழில் வெளியானதா, திரும்பப் பெறப்பட்டதா என்பதைக் காணலாம். கைப்பேசிக்கு வந்த படத்தை மட்டும் நம்ப வேண்டாம்.

2. யாரோடு ஒப்பிட்டனர்? "நூறு பேருக்குக் கொடுத்தோம், தொண்ணூறு பேர் குணமாயினர்" என்பது ஆய்வாகாது. மருந்து இன்றியும் அத்தனை பேர் குணமாகியிருக்கக்கூடும். ஒப்பீட்டின் வலிமையை உலகுக்குக் காட்டியதில் சென்னைக்குப் பெருமை உண்டு. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வில், நோயாளிகள் குலுக்கல் முறையில் வீட்டுச் சிகிச்சைக்கும் சானடோரியம் சிகிச்சைக்கும் பிரிக்கப்பட்டனர். வீட்டிலிருந்தே மருந்து உட்கொள்வது போதும். குடும்பத்தினருக்கு அதனால் ஆபத்து கூடுவதில்லை என 1959இல் வெளியான அதன் முடிவு பல நாடுகளின் சிகிச்சை முறையையே மாற்றியது.

3. எத்தனை பேர்? இருபது பேரிடம் கண்ட வேறுபாடு தற்செயலாக அமையலாம். இரண்டாயிரம் பேரிடம் அவ்வாறு அமைவது அரிது. சதவீதம் மட்டும் தரப்பட்டிருந்தால், அதன் பின்னுள்ள எண்ணிக்கையைத் தேடுங்கள்.

4. எதை அளந்தனர்? ஆய்வகக் குழாயில் வைரஸ் அழிந்தது என்பதும், மனிதர் உயிர் பிழைத்தார் என்பதும் ஒன்றல்ல. பிளாசிட் ஆய்வில், பிளாஸ்மா பெற்றவர்களுள் சற்றுக் கூடுதலானோருக்கு ஏழாம் நாளில் வைரஸ் பரிசோதனை 'நெகட்டிவ்' ஆனது. ஆயினும் இறப்பு குறையவில்லை.

5. எங்கள் நோயாளி அந்த ஆய்வில் இருந்தவர்களைப் போன்றவரா? வயது, சர்க்கரை, சிறுநீரகத்தின் நிலை, நோயின் எத்தனையாவது நாள் ஆகியவை விடையை மாற்றும். டெக்சாமெத்தசோன் ஒருவரைக் காத்தது, மற்றொருவருக்குத் தீங்காயிற்று.

6. வேறெவரேனும் இதே முடிவைக் கண்டனரா? ஒற்றை ஆய்வைக் கொண்டு சிகிச்சையை மாற்றுவது அரிதாகவே பொருந்தும்.

இவற்றுக்கெல்லாம் நீங்களே விடை காண வேண்டும் என்பதில்லை. கட்டுரையின் தலைப்பையும் வெளியான நாளையும் குறித்துக்கொண்டு, மருத்துவர் நோயாளியைப் பார்க்க வரும் வேளையில் கேளுங்கள். "இதைக் கொடுப்பீர்களா?" என்று கேட்பதைவிட, "இந்த ஆய்வு எங்கள் அம்மாவின் நிலைக்குப் பொருந்துமா, பொருந்தாதெனில் ஏன்?" என்று கேட்டால் தெளிவான விடை கிடைக்கும். மருத்துவரை அறியாமல் எந்த மருந்தையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

ஒருநாள் உங்களிடமே, "இந்த ஆய்வில் சேர விரும்புகிறீர்களா?" என்று கேட்கப்படலாம். அப்போது அந்த ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெற்றதா, இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவகத்தில் பதிவானதா என்று கேட்பது உங்கள் உரிமை. மறுப்பதும், சேர்ந்தபின் விலகுவதும் உங்கள் உரிமையே. அதனால் வழக்கமான சிகிச்சை குறையக் கூடாது. தமக்குப் பிளாஸ்மா கிடைக்குமா கிடைக்காதா என்று அறியாமலே ஒப்புதல் அளித்த 464 பேர் இருந்தமையால்தான், அது உதவாது என்பதை நாம் அறிந்தோம். அவர்களுள் பலர் வீடு திரும்பினர், சிலர் திரும்பவில்லை. அந்த விடை, அடுத்துவரும் குடும்பங்கள் வீணாக அலையாதிருக்க அவர்கள் விட்டுச்சென்றது. அதனை முழுமையாகப் படித்துப் பயன்படுத்துவது எங்கள் கடமை. அதற்கு உங்கள் கேள்விகளும் எங்களுக்கு வேண்டும்.